இரண்டு மணிக் கட்டம்

ஹலாப்பா,
11 ஜனவரி 1993

என் அன்புள்ள கொமாத்ரே ஒதிலியாவுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மலைக்குப் போனதிலிருந்து மூன்று வரிக்கு மேல் எழுத உனக்கு மனசு வருவதில்லை. ஞானஸ்நானத் தொட்டியருகே உன் மகள் ஷிமேனாவைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நான்; எனக்கே இந்தக் கஞ்சத்தனமா? சரி, இந்தத் தடவை நானே நீட்டி முழக்குகிறேன்.

இங்கே மூன்று வாரமாகத் தூறல் விடவில்லை. யூனிஃபார்மை ஈரத்தோடே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போகிறேன். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வார்டில் ரொட்டி வெட்டினோம். உள்ளே ஒளித்த பொம்மை யாருக்கு வருகிறதோ அவள்தானே விருந்து வைக்க வேண்டும், அது யார் துண்டில் வந்தது என்று நினைக்கிறாய்? "பிப்ரவரி ரெண்டாம் தேதி தமாலே அம்பாரோ கையால!" என்று எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். என் கையால் சோள மாவில் அவித்த தமாலேயைத் தின்று யாராவது படுத்தால், அவர்களையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷிமேனா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். அவளை வைத்திருக்கும் உன் அக்கா கண்டிப்பானவள் என்பதால் இங்கே வந்ததும் பெண்ணுக்கு வாய் திறந்துகொள்கிறது. பதினாலு வயசில் உன்னைவிட உயரம். "ஞானம்மா, அம்மா எப்பத்தான் திரும்பி வரும்?" என்று போன வாரம் கேட்டாள். தட்டில் இன்னொரு கரண்டி மோலே குழம்பு ஊற்றினேன்.

இப்போது செய்தி. மாநில அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது நர்சுகளுக்குள் பேச்சு சரியில்லையாம், அதைச் சீர்படுத்த ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு திட்டம் கொடுக்க வேண்டுமாம். மேட்ரன் ஃபிதேலா சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கை காட்டினாள். எனக்கு என்ன தெரியும்? இருபத்தி நாலு படுக்கையையும் காகிதம் இல்லாமல், ஒன்று விடாமல் ஒப்படைத்தவள் நீ. எப்படிச் செய்தாய் என்று எனக்கு எழுது, பொறுமையாக எழுது.

உன் அம்பாரோ

பி.கு. பச்சை மையைப் பார்த்துச் சிரிக்காதே. மதிய ஷிஃப்ட்காரி கடிதத்திலும் மதிய ஷிஃப்ட்காரிதான்.


லோமா ஆல்தா,
24 ஜனவரி 1993

அன்புள்ள அம்பாரோவுக்கு,

சிரிக்கவில்லை. உறையைப் பிரித்துப் பச்சை மையைப் பார்த்ததும் கண் அதைத் தாண்டி நீலத்தைத் தேடியது. பழகிப்போன கண் என்ன செய்யும்.

இங்கே சௌக்கியம்தான். ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ். காலை நர்ஸ் நான், மதியம் நான், இரவும் நானே. இரவு ஒதிலியா காலை ஒதிலியாவிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போகிறாள். இருவருக்குள்ளும் இதுவரை மனஸ்தாபம் இல்லை. ஜனங்கள் நல்லவர்கள். அவர்கள் பேசும் நாவா மொழியில் எனக்கு "வலிக்குதா", "எங்கே" மட்டும் தெரியும். அதை வைத்து இரண்டு பிரசவம் பார்த்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் நர்சுகளை அந்த மேஜையை விட்டு எழுந்திரிக்கச் சொல். காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் அப்படியே இருக்கு, ஒன்பதாம் படுக்கை மட்டும் புதுசு" என்று சொல்வது ஒப்படைப்பு ஆகாது. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பேரும் நிற்க வேண்டும். ஒன்றாம் நம்பர் படுக்கையிலிருந்து ஆரம்பிக்காதே. இன்றைக்கு யார் கை நழுவக் கூடியவர் என்று பார்த்து அங்கே ஆரம்பி. முடிந்ததை நீட்டிச் சொல்ல வேண்டாம். பாதியில் நிற்பதைச் சொல். அரை பாட்டில் ஓடிய சலைன், ரத்தம் எடுத்தும் வராத ரிசல்ட், கட்டு பிரித்துவிட்டு டாக்டருக்காகக் காத்திருக்கும் புண். ஆளைக் கொல்வது பாதிதான்.

கேட்டவள் தலையாட்டினால் விடாதே. கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் இந்த மை. காலைக்கு நீலம், மதியத்துக்குப் பச்சை, இரவுக்குச் சிவப்பு என்று யாரோ அழகுக்குச் செய்தார்கள். நம் கண்ணோ சொந்த நிறத்தை மட்டும் தேடப் பழகிவிட்டது. நான் உன் பச்சையைப் படித்ததில்லை, நீ என் நீலத்தைப் படித்ததில்லை. கட்டம் காலி என்றால் வேலை ஆகவில்லை என்று முடிவு. தாளின் அடியில் ஒரு வரி இருக்கட்டும், அங்கே இரண்டு பேரும் ஒரே கறுப்பு மையில் கையெழுத்துப் போடட்டும்.

எனக்கும் ஒரு விஷயம் ஆக வேண்டும். நம் வார்டில் காலை ஷிஃப்டுக்கு ஒரு இடம் காலியாகிறதாம். மாற்றல் மனு மார்ச் 31க்குள் போய்ச் சேர வேண்டும். என் ஃபைலில் அந்தக் குறிப்பு இருக்கும்வரை மனுவைக் கையில்கூட எடுக்க மாட்டார்கள். "அன்றைக்கு ஒதிலியா என்னிடம் சொன்னாள்" என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் குறிப்பை எடுத்துவிடுவார்கள். ஒரே வரி, அம்பாரோ. நீ லேட்டாக வந்ததை எழுத வேண்டாம். அதை நான் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை, இனியும் திறக்க மாட்டேன். என் மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள் என்பதை உன் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். அது எனக்குப் போதவில்லை.

உன் ஒதிலியா


ஹலாப்பா,
15 பிப்ரவரி 1993

என் கண்ணே ஒதிலியா,

நீ ஒரு பொக்கிஷமடி! உன் கடிதத்தை வரிக்கு வரி படித்தேன். கால்மாட்டில் நின்று பேசச் சொன்னதும் முதல் வாரம் ஒரே முணுமுணுப்பு. கிழவி பெர்ப்பெத்துவா, "முப்பது வருஷமா உக்காந்து சொன்னேன், யாரும் சாகல" என்றாள். "செத்தாங்க, உனக்குத்தான் சொல்லல" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, வார்டே சிரித்தது. இப்போது பழகிவிட்டது. திருப்பிச் சொல்லும் வழக்கம்தான் டைரக்டருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "யார் யோசனை இது?" என்றார். நம் வார்டின் யோசனை என்றேன்.

தமாலே நன்றாக வந்தது. யாரும் படுக்கவில்லை.

அந்த விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, மறப்பேனா? இப்போது மேட்ரனின் முகம் சரியில்லை. திட்டம் ஒப்பேறும் நேரத்தில் பழைய கதையைக் கிளறினால் எல்லாமே கெட்டுப்போகும். நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். என் பையன்கள் இரண்டு பேரும் என் ஒருத்தி சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள், உனக்குத் தெரியாததா?

இன்னும் ஏதாவது தோன்றினால் எழுது. அவசர ஷிஃப்டில், ஒருத்தி வரும்முன் இன்னொருத்தி போகவேண்டி வந்தால் என்ன செய்வது? அந்த இடம் மட்டும் திட்டத்தில் ஓட்டையாகவே இருக்கிறது.

உன் அம்பாரோ


லோமா ஆல்தா,
3 மார்ச் 1993

அம்பாரோவுக்கு,

அந்த இடம் ஓட்டையாக இருக்கிறதா? நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாய்.

உனக்கு ஞாபகம் இருக்கிறது என்கிறாய். என் ஞாபகத்தையும் எழுதிவைக்கிறேன், சரிபார்த்துக்கொள். தொண்ணூற்றொன்று, மே பத்து, அன்னையர் தினம். உன் சின்னவனின் பள்ளியில் விழா. "அரை மணி நேரம் சமாளிச்சுக்கடி, என் தங்கமில்ல" என்று முந்தின நாளே கேட்டாய். இரண்டு மணிக்கு உன் வருகை அட்டையைக் கடிகாரத்தில் அடித்தவள் நான். இரண்டு மணிக்குப் பதினாலாம் படுக்கை தோன் காசிமிரோவுக்குச் சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலின். தட்டு வந்துவிட்டது, நீ வரவில்லை, நான் போட்டேன். இரண்டு மணிக் கட்டம் பச்சைக்குச் சொந்தமானது. அங்கே நீலத்தில் எழுதினால் நீ லேட் என்று மேட்ரனுக்கு விளங்கிவிடும். அதனால் உனக்காகக் காலியாக விட்டேன். நாம் ஒருத்திக்கு ஒருத்தி எத்தனையோ தடவை செய்ததுதான். அந்தக் காலிக் கட்டம் என் தப்பு. அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு நீ ஓடிவந்தாய். மார்பில் உன் பையன் செய்த காகிதப் பூ, கையில் அவன் வர்ணம் அடித்த மண் தட்டு. அட்டைக் கடிகாரத்தின் பக்கத்தில் உன் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன்: "பதினாலுக்கு ஊசி போட்டாச்சு. கட்டம் காலி. நீ எழுதிடு." நீ அந்தத் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருடி, அம்மான்னு எழுதியிருக்கான்" என்றாய். "கேட்டியா?" என்றேன். "கேட்டேன், கேட்டேன், போ, ஷிமேனா காத்திட்டிருப்பா" என்றாய். நான் போனேன்.

நீ காலிக் கட்டத்தைப் பார்த்து இன்னொரு ஊசி போட்டாய். அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. நீங்கள் எல்லாரும் வார்டில் அன்னையர் தினக் கேக் வெட்டி முடித்தபோது அவருக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். விசாரணையில் மேட்ரன் கேட்டபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்க எதுவும் சொல்லல" என்றாய். அந்த "அவங்க" இன்னும் காதில் இருக்கிறது. அதுவரை நீ என்னை ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. வாயால் சொன்னதற்கு மை கிடையாது. மலைக்கு அனுப்பினார்கள்.

உன் ஓட்டைக்கு என் பதில்: மாற்றாள் வரும்வரை போகிறவள் போகக் கூடாது. யாருக்காகவும் யாரும் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. சிநேகிதிக்காகவும் கூடாது.

மார்ச் 31க்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. ஒரு வரி.

ஒதிலியா


ஹலாப்பா,
29 மார்ச் 1993

அன்புள்ள ஒதிலியா,

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. இப்படியெல்லாம் தபாலில் எழுதலாமா? யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆகும்?

அன்றைக்குக் காரிடாரில் ஒரே சத்தம். யூனியன்காரர்கள் மாலையும் கையுமாக நின்றார்கள். நீ ஏதோ சொன்னாய், அது நிஜம். என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை என்றால் நீ சொல்லாத மாதிரிதானே? நான் பொய் சொல்லவில்லை என்றுதான் பாதிரியாரும் சொன்னார்.

இந்த மாதம் முழுக்க அச்சகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்தேன், அதில் தேதி போனதே தெரியவில்லை. அடுத்த வருஷமும் இடம் காலியாகும். நான் அப்போது மேட்ரனாகவே இருக்கலாம், யார் கண்டது? அப்போது ஒரு வரி எதற்கு, நானே உன்னைக் கூட்டிக்கொள்வேன். கையேடு அச்சாகி வந்துவிட்டது, முதல் பிரதியில் ஒன்று உனக்கு அனுப்பியிருக்கிறேன். அட்டையில் என் பெயரைப் போட்டது டைரக்டரின் ஏற்பாடு.

ஷிமேனாவுக்குப் புது செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பிடித்திருந்தது.

உன் அம்பாரோ


லோமா ஆல்தா,
18 ஏப்ரல் 1993

அம்பாரோவுக்கு,

கையேடு கிடைத்தது. வழவழப்பான காகிதம், படமெல்லாம் போட்டிருக்கிறாய். என் கடிதங்களை இவ்வளவு நல்ல எழுத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் பக்கத்தையும் படித்தேன். "அன்னையர் தின விழாவுக்குச் செல்லும் அவசரத்தில், ஒரு செவிலி தாம் ஊசி போட்டதைத் தெரிவிக்காமலேயே வெளியேறினார்." நல்லவேளை, பெயர் போடவில்லை. மாநிலம் முழுக்க ஒவ்வொரு வார்டிலும் இதை ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள், இல்லையா? எனக்கு எழுதும்போது "ஏதோ சொன்னாய்" என்று எழுதினாய். அச்சகத்துக்குப் போகும் வழியில் அந்த "ஏதோ" எங்கே விழுந்தது?

இடத்தை ஓரிசாபாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் மனுவை ஃபைலோடு திருப்பி அனுப்பினார்கள். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

நியாயத்துக்குக் கட்டுப்பட்டு ஒன்று சொல்கிறேன். கடைசி விதி நான் எழுதிக் கொடுத்ததல்ல. "நோயாளியையும் கேளுங்கள். தமக்கு என்ன செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்." இருபது வருஷம் வேலை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை. மற்றதெல்லாம் என்னுடையது, இந்த ஒன்று உன்னுடையது. இந்த ஒன்று எல்லாவற்றையும்விட நல்லது. எங்கிருந்துதான் உனக்கு வந்ததோ.

மே பத்துக்கு ஷிமேனாவைப் பார்க்க இறங்கி வருகிறேன். இரண்டு வருஷமாக மனசில் கிடக்கும் ஒரு வேலையும் இருக்கிறது. தோன் காசிமிரோவின் மனைவியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒதிலியா


ஹலாப்பா,
1 மே 1993

என் அன்பான ஒதிலியா,

வா, வா! எத்தனை நாளாயிற்று உன் முகத்தைப் பார்த்து. என் வீட்டிலேயே தங்கு. பத்தாம் தேதி ஆஸ்பத்திரியில் விழாவுக்கும் வந்துவிடு. பழசை எல்லாரும் மறந்துவிட்டார்கள், நீதான் கட்டிக்கொண்டு அழுகிறாய்.

மூன்றாம் பக்கம் டைரக்டர் திருத்தியது. என் கையில் என்ன இருக்கிறது?

அந்த அம்மாவை மட்டும் தொந்தரவு செய்யாதே, ஒதிலியா. வயசானவர், படிப்பறிவு கிடையாது, பாவம். ஆறிப்போன புண்ணை எதற்குக் கீறுவது? உனக்காகச் சொல்கிறேன், போகாதே. நேராக என் வீட்டுக்கு வா. மோலே செய்து வைக்கிறேன்.

உன் அம்பாரோ


லோமா ஆல்தா,
13 மே 1993

அம்பாரோ,

உன் வீட்டுக்கு வரவில்லை, மோலே வீணாகியிருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே சந்தைக்குப் பின்தெருவுக்குத்தான் போனேன். தோன் காசிமிரோவின் மனைவி தோன்யா எர்லிந்தா, புருஷன் செருப்புத் தைத்த அறையிலேயே இருக்கிறார். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார மனசு வரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் அட்டையை அடித்தது, ஊசி போட்டது, கட்டத்தைக் காலியாக விட்டது, உன்னிடம் வாயால் சொன்னது. என் தப்பு எது என்பதை முதலில் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, மதிய நர்ஸ் என்றேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "இரும்மா, சரியா வாங்கிக்கிட்டேனான்னு பாரு" என்றார். விரல் விட்டு எண்ணினார். "நீ போட்ட. எழுதல. அவகிட்ட வாயால சொன்ன. அவ எழுதலன்னு பாத்துட்டு மறுபடி போட்டா. சரியா?" சரி என்றேன். என் இருபது வருஷத்தில் இப்படி ஒரு ஒப்படைப்பை எந்த நர்சும் என்னிடமிருந்து வாங்கியதில்லை. படிப்பறிவு கிடையாது என்று நீ எழுதினாயே, அவரைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அவர், "அவரும்தான் சொன்னாரே" என்றார்.

யார் என்றேன்.

"என் வீட்டுக்காரரு. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன், பார்வை நேரம். மாருல காகிதப் பூ குத்தின பொண்ணு ஊசியோட வந்துச்சு. 'இப்பத்தானம்மா அந்த இன்னொரு பொண்ணு குத்திட்டுப் போச்சு'ன்னாரு. அது சிரிச்சிட்டு, 'தோன் காசிமிரோ, ஊசின்னா உங்களுக்கு தினம் ஒரு சாக்கு'ன்னுச்சு. இவரும் சிரிச்சிட்டு கையை நீட்டிட்டாரு. படிச்சவங்க, தெரியாமலா குத்துவாங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன். எங்கிட்ட யாரும் கேக்கலியேம்மா. ரெண்டு வருஷமா கேக்கலியே."

அந்த அம்மா தன்னையே நொந்துகொண்டு அழுதார், அம்பாரோ. தான் வாயைத் திறந்திருந்தால் புருஷன் பிழைத்திருப்பார் என்று இரண்டு வருஷமாகத் தன்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறார்.

காரிடாரில் சத்தம், உனக்குக் கேட்கவில்லை என்றாய். அதை நான் நம்பத் தொடங்கியிருந்தேன். வார்டில் என்ன சத்தம் இருந்தது? நான் சொன்னதைத்தான் தோன் காசிமிரோ உன்னிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறார். கடைசி விதி எங்கிருந்து வந்தது என்று உன்னிடமே மெச்சிக் கேட்டேனே, எனக்கு எவ்வளவு அசட்டுத்தனம்! அதை எழுதும்போது உனக்கு அவர் குரல் கேட்டிருக்கிறது. அதை அழகான விதியாக்கி, வழவழப்பான காகிதத்தில் அச்சடித்து, உன் பெயரையும் மேலே போட்டுக்கொண்டாய். நீ ஓடிவந்த அவசரத்தை என்னால் மன்னிக்க முடியும், அந்த இரண்டாவது ஊசியைக்கூட மன்னிக்க முடியும். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பயப்படாதே, அலுவலகத்துக்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை. அங்கே மையைத்தான் படிப்பார்கள். ஷிமேனாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன், நான் செய்ததையும் சேர்த்து. நீ வாங்கிக் கொடுத்த செருப்பைக் கழற்றி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இனி வர மாட்டாள். அவளுக்கென்று தட்டு வைத்துக் காத்திருக்காதே.

இதோடு நான் சொல்ல வேண்டியது முடிந்தது, பாதியில் எதையும் விட்டுப் போகவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம். தோன்யா எர்லிந்தா செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் இருப்பார். மருமகள் சந்தைக்குப் போயிருப்பாள், அறையில் சத்தம் இருக்காது. போய், நீ செய்ததை உன் வாயால் சொல். அவர் விரல் விட்டு எண்ணித் திருப்பிச் சொல்வார். முடிகிறவரை நின்று கேள்.

ஒதிலியா